கட்டடம் கட்டும் இடத்தில் நடைபாதைக்கு மேல் கூரை போட முடியாதா?

நொய்யல்கரை: கோவை ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் தினமும் நடக்கும் தெருவில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்புகிறார்கள். நடைபாதையைத் தகரம் வைத்து மொத்தமாக அடைத்தாகிவிட்டது, அதற்கு வெளியே எம்-சாண்ட் குவியல், அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவில் இறங்கித்தான் போக வேண்டும். போன வாரம் ஒரு செங்கல் துண்டு இரண்டடி முன்னால் விழுந்தது. சூப்பர்வைசர் "பார்த்துப் போங்கம்மா" என்கிறார். நியூயார்க்கில் நடைபாதைக்கு மேலே பலகைக் கூரை போட்டு, ஆட்களை அடியில் நடக்க விடுகிறார்களாமே, இங்கே ஏன் இல்லை?

சைட்டுக்காரன்: திருப்பூரில் சைட் இன்ஜினியருங்க நான். குழாய், குழாய்களைப் பிணைக்கும் கப்ளர், பலகை எல்லாம் சைட்டிலேயே கிடக்கும், போட இரண்டு நாள் வேலை. ஆனால் எஸ்டிமேட்டில் அப்படி ஓர் ஐட்டமே இருக்காது, அதுதான் விஷயம். சாரத்தில் கட்டும் பச்சை வலை தூசிக்கு, செங்கல்லுக்கு இல்லை. போட்டாலும் நடக்கிற வழி 1.8 மீட்டர் விட வேண்டும், சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்குச் சொல்லும் குறைந்த அகலம் அது. குழாயை நடுவில் நட்டுக் குறுக்குக் கட்டை அடித்தால் வீல்சேர் எப்படிப் போகும்?

பொள்ளாச்சியான்: இப்போது இருப்பது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில். ரொம்பப் பொறாமைப்படாதீங்க. 1979இல் கட்டடத்திலிருந்து உடைந்து விழுந்த துண்டு பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு, 1980இல் சட்டம் வந்தது. ஆறு மாடிக்கு மேலிருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முகப்பைச் சோதிக்க வேண்டும், பழுது என்றால் கூரை போட வேண்டும் என்றது அது. முகப்பைச் சரிசெய்வதைவிடக் கூரைக்கு வாடகை கட்டுவது மலிவு, அதனால் போட்டது போட்டபடியே வருஷக்கணக்கில் நிற்கும். அடர் பச்சைப் பலகை, பகலிலும் இருட்டு, மழை பெய்தால் மட்டும் சொர்க்கம். 2009இல் இதற்காகவே வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள், ஒரு மாணவரின் 'அர்பன் அம்ப்ரெல்லா' ஜெயித்தது: குறுக்குக் கட்டைக்குப் பதில் குடைக்கம்பி மாதிரி வளைவுகள், மேலே வெளிச்சம் விடும் பலகை. அழகுதான், விலை கூடுதல், அதனால் பழைய பச்சைதான் இன்னும் எங்கும். 2023இல்தான் நகராட்சி கூரைகளை சீக்கிரம் இறக்கவைக்கத் தனித் திட்டமே கொண்டுவந்தது.

கிராஸ்கட்_கடை: அப்போ என் கடை போர்டு தெரியுமுங்களா? பக்கத்தில் கட்டடம் கட்டினப்போ சாரமும் வலையும் எட்டு மாதம் மறைத்தது, தீபாவளி வியாபாரம் போச்சு. கூரை போடட்டும், ஆனால் எப்போது பிரிப்பீர்கள் என்று தேதி எழுதித் தொங்கவிடச் சொல்லுங்க.

சைட்டுக்காரன்: உயரமாகப் போட்டால் போர்டு தெரியுமுங்க. தேதி நல்ல யோசனை, ஆனால் எங்க ஓனர் கையெழுத்துப் போட மாட்டார்.

நொய்யல்கரை: சரிங்க, தேதியையும் 1.8 மீட்டரையும் எழுதி மாநகராட்சியில் மனுக் கொடுக்கிறேன். அதுவரை எதிர்ப்புறம் போகலாம் என்றால், அங்கே நடைபாதை நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது.