கடைசி அரை கிலோமீட்டர்ல மட்டும் கால் எப்படிப் பறக்குது?

அடையாறு முருகு:
வயசு 41. பெசன்ட் நகர் பீச் ரோட்டுல வாரம் மூணு நாள் ஓடுறேன். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம், ஒரு வருஷமா இதே வேகம். ஜனவரியில விடியக்காலை 10 கிலோமீட்டரும் பேசிக்கிட்டே முடிச்சேன். போன வியாழன் ஆபீஸ்ல நாள் பூரா கணக்கு முடிக்கிற வேலை. சாயங்காலம் இந்த மே மாசப் புழுக்கத்துல ஓடினா, ஆறாவது கிலோமீட்டர்லயே நின்னுடுன்னு உடம்பு கெஞ்சுது. கால் ரெண்டும் கல்லு. தட்டுத்தடுமாறி ஒன்பதரை தாண்டினதும், நான் வழக்கமா முடிக்கிற பஜ்ஜிக் கடை விளக்கு தெரிஞ்சுது. அங்கிருந்து பறந்துட்டேன். சக்தி தீர்ந்திருந்தா அது எங்கிருந்து வந்துச்சு? தீரலைன்னா அந்தத் தவிப்பு பொய்யா?

வேளச்சேரி குமார்:
தண்ணி பத்தியிருக்காது ஜி. எலுமிச்சை, உப்பு போட்டுக் குடிச்சுட்டுப் போங்க.

மதுரை பிடி டீச்சர்:
தவிப்பு பொய் இல்ல தம்பி. சக்தி தீர்றதுக்கு முன்னாடியே உடம்பு தர்ற எச்சரிக்கை அது.

தசையில இருக்கிற மெல்லிய நரம்புகள் அங்க நடக்குறதை மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். 2009ல வெளியான ஒரு ஆய்வுல, சைக்கிள் வீரர்களுக்கு இடுப்புப் பக்கம் முதுகுத்தண்டுல ஃபென்டானில்ங்கிற வலி மரத்துப்போற மருந்தை ஊசியா போட்டு அந்தச் சேதியைத் தடுத்தாங்க. 5 கிலோமீட்டர் பந்தயம். முதல் பாதியில வழக்கத்தைவிட பலமா மிதிச்சாங்க, ரெண்டாம் பாதியில தளர்ந்துட்டாங்க. மொத்த நேரம் குறையவே இல்ல. முடிச்சப்போ தசை அளவுக்கு மீறிச் சோர்ந்து, நடக்கவே சிரமப்பட்டாங்க.

புழுக்கத்துல ரத்தம் தோலுக்கும் போயாகணும், அதனால அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா துடிக்கும். அதோட உங்க ஆபீஸ் கணக்கு. சாமுவேல் மார்கோராங்கிற ஆய்வாளரோட குழு, அதுவும் 2009தான், 90 நிமிஷம் மூளைக்கு வேலை கொடுத்துட்டு சைக்கிள் மிதிக்க விட்டாங்க. இதயமும் மூச்சும் மத்த நாள் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா எடுத்த எடுப்பிலேயே கஷ்டமா தெரிஞ்சு, சீக்கிரமே விட்டுட்டாங்க.

பஜ்ஜிக் கடை விளக்குக்கு வர்றேன். என்கிட்ட பயிற்சி எடுத்த பொண்ணு ஒருத்தி, 3000 மீட்டர் ஓட்டத்துல சுத்து எண்ணிக்கையை விட்டுட்டா. இன்னும் ரெண்டு இருக்குன்னு நினைச்சு, நிக்கிற மாதிரி ஆயிட்டா. அப்பதான் கடைசிச் சுத்து மணி அடிச்சுது. முன்னாடி போன மூணு பேரைத் தாண்டிட்டா! அந்த ஒரு நொடியில அவ ரத்தத்துல எதுவும் மாறலை. மீதி தூரம் மாறுச்சு.

நான் பசங்ககிட்ட போர்க் அளவுகோல்லதான் கேட்பேன், அதாவது எவ்வளவு கஷ்டமா தெரியுதுன்னு ஒரு எண்ணா சொல்லணும். 6ன்னா சும்மா இருக்கிறது, 20ன்னா இதுக்கு மேல முடியாது. 13 வரைக்கும் போகலாம். மே மாசம் 15 தொட்டா வேகத்தைக் குறைங்க. தலைசுத்தல், நெஞ்சுவலி, உடம்பு சிலிர்க்கிறது, இதுல எது வந்தாலும் உடனே நின்னுடணும். எனக்கு இதுல சமரசமே கிடையாது.

அடையாறு முருகு:
இன்னைக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எண் சொல்லிப் பார்த்தேன் டீச்சர். நாலாவதுலயே 15. ஏழு நிமிஷத்துக்கு இறக்கினதும் 13க்கு வந்துடுச்சு. வாட்ச்சை வீட்லயே வெச்சுட்டு ஓடலாமா?

மதுரை பிடி டீச்சர்:
வாரத்துல ஒரு நாள் வெச்சுட்டுப் போங்க. கிளம்பும்போது வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கோங்க, திரும்பினதும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு முதல்ல நீங்களே சொல்லிப் பாருங்க.