மூன்று பிள்ளைகளை விட்டுக் கப்பல் ஏறிய ராய்

குகைக்காரன்:
ஸ்பீல்பெர்க்கின் 1977 படம், 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'. காலேஜ் நாட்களில் பார்த்தபோது, வேற்றுக்கிரகக் கப்பலில் ஏறிப் போகும் ராய் மேல் எனக்குப் பொறாமைதான். நேற்று மறுபடி போட்டேன், பக்கத்தில் ஏழு வயது மகள். அந்தக் கப்பலைப் பார்த்ததிலிருந்து ராய் மண்டைக்குள் ஒரு மலை; சாப்பாட்டு மேஜையில் மசித்த உருளைக்கிழங்கை அந்த மலையாகக் குவித்துக்கொண்டே இருக்கிறான், மூத்த பையன் அப்பாவைப் பார்த்து அழுகிறான். அன்றைக்கு நான் பார்த்தது உருளைக்கிழங்கை மட்டும்தான். அந்தப் பையன் அழுததே ஞாபகமில்லை. மூன்று பிள்ளைங்க!

லூப்ரோடு:
சினிமாங்க அது, பிள்ளை வளர்ப்பு வகுப்பா? ராய் கரண்ட் லைன் பார்க்கப் போன ஆள். பின்னால் வண்டி என்று நினைத்துக் கையசைத்து வழிவிடுகிறான், அந்த விளக்கு அப்படியே மேலே எழும்புகிறது. பனியில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி ஏறும்போது பின்னால் வெளிச்சம் தெரிந்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். அதைப் பார்த்தவன் எப்படி வீட்டில் இருப்பான்?

அம்மாப்பேட்டை அக்கா:
வீட்டுக்குள் அந்த மலையைக் கட்டச் சமையலறை ஜன்னல் வழியாக மண்ணும் செடியும் வாரிப் போட்டானே, அதை யார் கூட்டுவது? பக்கத்து வீட்டுக் கம்பிவலையைக்கூட விடவில்லை. அவன் மனைவியை நச்சரிப்புக்காரியாகக் காட்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சல். ஜில்லியன், அதான் அந்தக் கப்பல் தூக்கிப்போன சின்னப் பையனோட அம்மா, அவளுக்கும் அதே மலைதான் மண்டைக்குள், வரைந்து வரைந்து தள்ளுகிறாள். பையன் கிடைத்ததும் கீழேயே நின்றுவிட்டாள் பாருங்க.

லூப்ரோடு:
அவள் தேடி வந்தது பையனை, அக்கா. அவன் தேடியது வேறு. அப்புறம், பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முதலில் வீட்டை விட்டுப் போனது மனைவிதான்.

அம்மாப்பேட்டை அக்கா:
போகாமல்? வீட்டுக்குள் மலை கட்டுகிறவனோடு பிள்ளைகளை விட்டுவைப்பாளா?

குகைக்காரன்:
ஸ்பீல்பெர்க்கே பிற்பாடு சொல்லிவிட்டார்: பிள்ளை பெறும் முன் எடுத்த படம், இப்போது என்றால் ராயைக் குடும்பத்தை விட்டுப் போக விடமாட்டேன் என்று.

லூப்ரோடு:
நல்லவேளை, முன்னாடியே எடுத்தார். இல்லையென்றால் ராய் அந்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பான்.

சங்ககிரி லாரி:
எங்கப்பா லாரி டிரைவர், வருஷத்தில் பாதி நாள் வடக்கே. கிளம்பும் முன் என் அட்லஸில் போகிற ஊரைப் பேனாவால் வட்டம் போடுவார். நாக்பூர் மேல் மட்டும் ஏழெட்டு வட்டம், தாளே கிழிந்துவிட்டது. ராய் போனதற்கு எனக்குக் கோபமில்லைங்க. அந்தப் பையனுக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டியிருக்கலாம்.

குகைக்காரன்:
படம் முடிந்ததும் மகள் கேட்டது: "அந்த அப்பா எப்போ வருவாரு?" தூங்கு என்று லைட்டை அணைத்துவிட்டேன்.