மறு: ஓப்பன் ஆக்சஸ் – 'திறவேடு' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். பணமோ கடவுச்சொல்லோ இல்லாமல் யாரும் இணையத்தில் படிக்கக்கூடிய ஆய்வு எழுத்துகளை ஆங்கிலத்தில் 'ஓப்பன் ஆக்சஸ்' என்கிறார்கள். அதற்குத் 'திறவேடு' என்ற சொல்லை நான் முன்வைத்தேன். 'திறந்த அணுக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் தேடுபக்கத்தின் இடது ஓரத்தில், தேடல் முடிவுகளை வடிகட்டும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 'ஓப்பன் ஆக்சஸ்' என்பது அவற்றில் ஒன்று. அதன் பக்கத்தில் எழுதத்தான் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

போன வாரம் முதுகலை விலங்கியல் மாணவி ஒருத்தி தாளில் ஒரு கட்டுரைத் தலைப்பை எழுதிக்கொண்டு வந்தாள். நன்னீர் நண்டு பற்றியது. எங்கள் தேடலில் தலைப்பும் சுருக்கமும் வந்திருக்கின்றன. தட்டினால் பதிப்பகத்தின் பக்கம் டாலரில் பணம் கேட்டிருக்கிறது. "நூலகத்தில் வாங்கித் தருவீங்களா மேடம்?" என்றாள். உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் கட்டுரையை எழுதியவர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் (தங்கள் ஆய்வுகளைச் சேமித்துவைக்கும் இணையதளத்தில்), இதழ் ஏற்றுக்கொண்ட வரைவு முழுதாக இருந்தது. அந்தக் கட்டத்தைத் தட்டியிருந்தாலே வந்திருக்கும். ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். "ஆக்சஸ்னா லாகின் கேட்கும்னு நினைச்சேன்."

இப்போது 'திறந்த அணுக்கம்' என்று எழுதினால் அவளுக்குப் புரியுமா? இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவன் அணு இயற்பியல் பகுதியா என்று கேட்டான். சரி, அது பழகினால் போய்விடும். எனக்கு உறுத்துவது வேறு. அணுக்கம் என்றால் பழந்தமிழில் நெருக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருவணுக்கன் திருவாயில் இருக்கிறது. அரசனுக்கு நெருங்கியவர்கள் நுழையும் வாசல் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எல்லோரும் நுழையலாம் என்று சொல்ல அந்தச் சொல்லிடமா போவது?

'இலவசக் கட்டுரை' போதும் என்று குழுவிலுள்ள அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் மாணவர்களை அதிகம் குழப்பும் என்று நினைக்கிறேன். மாணவருக்குக் காசில்லாமல் கிடைப்பதில் மூன்று வகை உண்டு. முதலாவது, நூலகம் சந்தா கட்டியது. 2025 சனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அது இலவசம் அல்ல, அரசு கட்டும் பணம். மாணவர் படிப்பை முடித்து வெளியேறிய அன்று அந்தக் கதவு மூடிவிடும். அதன் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரி மாணவருக்கு அது திறக்கவே இல்லை.

இரண்டாவது, பதிப்பகமே கொஞ்ச நாள் திறந்துவைப்பது. கொரோனா காலத்தில் பல பதிப்பகங்கள் அப்படிச் செய்தன. படிக்கலாம், ஆனால் பிறகு மூடிவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவதுதான் நாம் பெயர் தேடும் வகை. ஆய்வுகளை எல்லோருக்கும் திறந்துவிடக் கோரி 2002இல் வந்த புடாபெஸ்ட் அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: யாரும் படிக்கலாம், பதிவிறக்கலாம், படியெடுக்கலாம், பகிரலாம், அச்சிடலாம், தேடலாம். எழுதியதைச் சிதைக்காமல், எழுதியவருக்கு உரிய பெயர் மட்டும் தரவேண்டும். வீட்டு வைஃபையில், எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். நூலகச் சந்தாவில் வரும் ஏடு அந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

அதனால்தான் 'திறவேடு' என்கிறேன். 'ஓப்பன் சோர்ஸ்' என்பதற்குத் திறமூலம் என்று நாம் வைத்த சொல் நிலைத்துவிட்டது, அதே வார்ப்பு. கையேடு, பதிவேடு, செப்பேடு என்று காதுக்குப் பழகிய ஓசை. கட்டுரை என்றால் கட்டுரை மட்டும்தான். ஏடு என்றால் இதழ், ஆய்வேடு, நூலின் ஓர் இயல் எல்லாம் அடங்கும். எங்கள் தேடலில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுக்கும் ஷோத்கங்கா தளத்தின் ஆய்வேடுகளும் வருகின்றன, அவற்றையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்.

இன்னொன்று, இது வினைத்தொகை. திறந்த ஏடு, திறக்கின்ற ஏடு, திறக்கும் ஏடு. இந்த 'திறக்கும்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. களஞ்சியத்தில் போடும் வரைவுகளுக்குப் பல பதிப்பகங்கள் 6 மாதம், 12 மாதம் என்று தடை வைக்கின்றன. இன்று பூட்டியிருக்கும், அடுத்த ஆண்டு திறக்கும். அந்தத் தடைக்குத் 'தடைக்காலம்' என்றே சொல்லலாம். நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருவதால் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'பொதுத்திறப்பு' என்ற பரிந்துரையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் யாழ்ப்பாண நண்பர் சொன்னது சரி. அங்கே திறப்பு என்றால் சாவி. பொதுத்திறப்பு என்று எழுதினால் தகவலைப் பிறர் படிக்காதபடி மாற்றும் மறையாக்கத்தில் வரும் பொதுச்சாவி என்று படிப்பார்கள். இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஏடு என்றதும் பனையோலை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். வரட்டுமே. நாளேடு என்று சொல்லும்போது யாருக்கும் ஓலை தெரிவதில்லை.

இயக்கத்தின் பெயராக, கட்டுரைகளில், 'திறந்த அணுக்கம்' இருப்பதை நான் மறுக்கவில்லை. கட்டத்துக்கு மட்டும் 'திறவேடு', அருகில் அந்த ஆரஞ்சு நிறத் திறந்த பூட்டுப் படம். சந்தாவில் வருபவற்றுக்குச் 'சந்தா ஏடு'. இடையில் உள்ள இரண்டாவது வகைக்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'இலவச வாசிப்பு' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

நாளை முதல் எங்கள் கணினிகளில் பாதியில் 'திறவேடு' என்றும் மீதியில் 'திறந்த அணுக்கம்' என்றும் துண்டுச்சீட்டு ஒட்டப்போகிறேன். யார் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைத்து, அடுத்த மாதம் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை சொற்பட்டியலில் இரண்டையும் வைத்திருங்கள், தயவுசெய்து ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு நூலகர்