ஸ்டோர்டு ப்ரொசீஜர் லூப்புக்குள் ஸ்லீப் போடலாமா?

புதுப்பையன்:
எஸ்க்யூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ்) ஒரு ஆடிட் டேபிள். அதில் 4 கோடி பழைய வரிகளை அழிக்க வேண்டும். ஒரே டெலீட்டாக விட்டால் டிரான்சாக்ஷன் லாக் ஃபைல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) வீங்கிவிடும் என்பதால் ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே சேமித்து ஓட்டும் நிரல்) ஒரு வொய்ல் லூப் எழுதினேன். சுற்றுக்கு 10,000 வரி அழிக்கும், வெயிட்ஃபார் டிலே என்ற ஸ்லீப் கட்டளையில் 2 விநாடி நிற்கும், மறுபடி அழிக்கும். கோட் ரிவ்யூவில் சீனியர் "டேட்டாபேஸுக்குள் ஸ்லீப் கூடாது, எடு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. அவர் சொல்வது சரியா?

வெளியேவை:
சரிதான். வெயிட்ஃபாரில் நிற்கும் ஒவ்வொரு செஷனும் சர்வரின் ஒரு த்ரெட்டை (வேலையை ஓட்டும் இழை) பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இப்படிப் பத்து ப்ரொசீஜர் சேர்ந்தால் வேலை செய்ய வேண்டியவை வரிசையில் நிற்கும். லூப்பை வெளியே ஒரு பைதான் ஸ்கிரிப்டில் வையுங்கள். அங்கே எவ்வளவு நேரம் தூங்கினாலும் டேட்டாபேஸுக்குச் செலவில்லை. நிறுத்தவும், வேகத்தை மாற்றவும், எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் வசதி. ப்ரொசீஜரை நிறுத்தக் கில் கமாண்டைத் தேடி ஓட வேண்டும்.

பூட்டுக்காரர்:
பத்து ப்ரொசீஜர் எங்கிருந்து வந்தது? இவர் கேட்பது ராத்திரியில் ஓடும் ஒரே ஒரு ஜாப். ஒரு த்ரெட் தூங்கினால் எந்த சர்வரும் சாகாது.

டேட்டாபேஸுக்குள் தூங்குவதே பாவம் என்றால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் செத்த வரிகளைத் தானாகவே துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூமை என்ன செய்வது? அது கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் தூங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பதிப்பு 11 வரை டீஃபால்ட் தூக்கம் 20 மில்லி விநாடி, 12இலிருந்து 2. எழுதியவர்களுக்கு விவரம் தெரியாமலா?

புதுப்பையன் தம்பி, வேறு ஒன்று கேட்கிறேன். இந்த ப்ரொசீஜரைக் கூப்பிடுவது யார்? ஏற்கெனவே திறந்த டிரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கப்படும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலைத்தொகுதி) இருந்து கூப்பிடுகிறார்களா?

புதுப்பையன்:
அப்ளிகேஷனில் ஒரு அட்மின் பட்டன் இருக்கிறது சார். எங்கள் ஃப்ரேம்வொர்க் ஒவ்வொரு அழைப்பையும் டிரான்சாக்ஷனில் சுற்றித்தான் அனுப்பும். ஆனால் நான் ஒவ்வொரு சுற்றிலும் டிரான்சாக்ஷனைத் தொடங்கும் பிகின், உறுதிசெய்து முடிக்கும் கமிட் போட்டிருக்கிறேனே?

பூட்டுக்காரர்:
அங்கேதான் ஆபத்து. வெளியே ஒரு டிரான்சாக்ஷன் திறந்திருந்தால் உள்ளே போடும் கமிட் உண்மையில் எதையும் கமிட் செய்யாது, திறந்த டிரான்சாக்ஷன்களை எண்ணும் டிரான்கவுண்ட்டில் ஒன்றைக் குறைக்கும், அவ்வளவே. நீங்கள் தூங்கும் ஒவ்வொரு 2 விநாடியும் அதுவரை போட்ட எல்லாப் பூட்டுகளோடும் (அழித்த வரிகளை மற்றவர்கள் தொடாமல் தடுப்பவை) தூங்குகிறீர்கள். டிரான்சாக்ஷன் லாக்கையும் காலி செய்ய முடியாது. ஒரே டெலீட்டாக விட்டிருந்தால்கூட சீக்கிரம் முடிந்திருக்கும். ப்ரொசீஜரின் முதல் வரியிலேயே டிரான்கவுண்ட் பூஜ்யமா என்று பாருங்கள், இல்லையென்றால் பிழை எறிந்து வெளியேறுங்கள்.

அந்தப் பட்டனையும் எடுத்துவிடுங்கள். டாட்நெட் என்றால் கமாண்ட் டைம்அவுட் டீஃபால்ட் 30 விநாடி. லூப் பதினைந்து சுற்றுகூட தாண்டாது.

யானைரசிகை:
போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த விபத்து நடக்காது, சொல்லிவிட்டுப் போகிறேன். ஃபங்ஷனுக்குள் கமிட் கிடையாது. பதிப்பு 11இல் வந்த ப்ரொசீஜரில் உண்டு, ஆனால் அதை டிரான்சாக்ஷன் பிளாக்குக்குள் இருந்து கூப்பிட்டால் முதல் கமிட்டிலேயே முகத்தில் அடித்தமாதிரி எரர் வரும். எக்செப்ஷன் பிளாக்குக்குள் கமிட் போட்டாலும் அப்படித்தான்.

ஆனால் எங்களுக்கும் பள்ளங்கள் உண்டு. ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (கட்டளைக்கான நேர வரம்பு) மொத்த அழைப்புக்கும் சேர்த்துத்தான் ஓடும், பிஜி ஸ்லீப் (போஸ்ட்கிரெஸ்ஸின் ஸ்லீப்) நேரமும் அந்தக் கணக்கில் வரும். கமிட் இல்லாத லூப்பில் நவ் ஃபங்ஷனை வைத்து "பத்து நிமிடம் ஆனதும் நிறுத்து" என்று எழுதினால் நிற்கவே நிற்காது. அது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தையே திருப்பித் தரும். அந்தந்த நொடியின் நேரம் தரும் கிளாக் டைம்ஸ்டாம்ப்தான் வேண்டும்.

வெளியேவை:
என் வாதத்துக்கே வலு சேர்க்கிறீர்கள். இத்தனை விதிவிலக்கை மனப்பாடம் செய்வதற்கு ஸ்கிரிப்டில் நாலு வரி எழுதிவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் இன்னும் வேடிக்கை. ப்ரொசீஜரில் செலக்ட் ஸ்லீப் என்று எழுதினால் சுற்றுக்கு ஒரு ரிசல்ட் செட் கிளையண்டுக்குப் போகும் (டூ ஸ்லீப் என்று எழுத வேண்டும்). அப்புறம், "ஸ்டேட்டஸ் மாறும்வரை தூங்கித் தூங்கிப் பார்" என்று ஒரு லூப்பை டிரான்சாக்ஷனுக்குள் வைத்தால், டீஃபால்ட் ஐசொலேஷன் (மற்றவர் மாற்றம் எவ்வளவு தெரியும் என்ற விதி) ரிப்பீட்டபிள் ரீட் என்பதால் முதலில் பார்த்த ஸ்னாப்ஷாட்டையேதான் (அந்த நேரத்து நிலை) காட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஸ்டேட்டஸ் எப்போதோ மாறியிருக்கும். லூப்புக்குத் தெரியாது.

பூட்டுக்காரர்:
அது காத்திருக்கும் லூப், இது அழிக்கும் லூப். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். வேறு ஒருவர் வேலையை முடிக்கக் காத்திருப்பதற்கு ஸ்லீப் போடுவது மோசம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வேலை முடிந்ததும் செய்தி சொல்ல எஸ்க்யூஎல் சர்வரில் சர்வீஸ் புரோக்கர் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்ஸில் லிசன், நோட்டிஃபை இருக்கிறது. இங்கே யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்கிறோம்.

பழையஆரக்கிள்:
ஆரக்கிளில் இந்தச் சண்டையை ஒருகாலத்தில் பெர்மிஷனே தீர்த்துவிடும். ஸ்லீப் டிபிஎம்எஸ் லாக் (பூட்டு) பேக்கேஜில் இருந்தது, டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கிராண்ட் கொடுத்தால்தான் தூக்கம். 18சியில் டிபிஎம்எஸ் செஷனிலும் வைத்துவிட்டார்கள், இப்போது யாரும் தூங்கலாம். கர்சரை (வரிவரியாகப் படிக்கும் தேடல்) திறந்துவைத்துக்கொண்டே நடுநடுவே கமிட் செய்து தூங்கினால் ஒரு நாள் "ஸ்னாப்ஷாட் டூ ஓல்டு" என்ற பிழை வந்து எழுப்பும்.

வெளியேவை:
சரி, ஒற்றை ஜாப், வெளியே டிரான்சாக்ஷன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 2 விநாடி என்பது எங்கிருந்து வந்த எண்? ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) பின்தங்கியிருந்தால் 2 போதாது, சர்வர் சும்மா இருந்தால் 2 வீண். என் ஸ்கிரிப்ட் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யும்.

பூட்டுக்காரர்:
ப்ரொசீஜரும் பார்க்குமே. அவெய்லபிலிட்டி குரூப்பில் (நகல் சர்வர்களின் கூட்டம்) எவ்வளவு டிரான்சாக்ஷன் லாக் இன்னும் நகலுக்கு அனுப்பப்படாமல் நிற்கிறது என்பதை டிஎம்வியிலிருந்து (சர்வரின் நிலையைக் காட்டும் வியூ) லூப்புக்குள்ளேயே படிக்கலாம். வெயிட்ஃபார் டிலே வேரியபிளை ஏற்கும், வரிசை நீண்டிருந்தால் அதிக நேரம் நில்லுங்கள். நிறுத்துவதற்கும் ஒரு சின்ன கண்ட்ரோல் டேபிள் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்து வெளியேறலாம். கில் தேவையில்லை.

எண்ணைப் பற்றிக் கேட்டது மட்டும் நியாயம். 10,000 அதிகம், தம்பி. ஒரே ஸ்டேட்மென்ட் கிட்டத்தட்ட 5000 பூட்டுகளைத் தாண்டினால் சர்வர் அதை டேபிள் பூட்டாக உயர்த்தப் பார்க்கும். 4000 வையுங்கள். ஆனால் அப்போது 10,000 சுற்று ஆகும், 2 விநாடி வீதம் தூக்கமே ஐந்தரை மணி நேரம். அரை விநாடி ஆக்கினால் ஒன்றரை மணிக்குள் அடங்கும்.

வெளியேவை:
ஏஜென்ட் ஜாபில் (எஸ்க்யூஎல் சர்வரின் நேர அட்டவணை வேலை) தனி ஸ்டெப்பாக ஓடினால் இதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை. பட்டனில் கண்டால் நானும் ரிவ்யூவில் "எடு" என்றுதான் எழுதுவேன்.

யானைரசிகை:
யாரும் கேட்காத ஒன்று. தேதி காலம்னில் (நெடுவரிசை) இண்டெக்ஸ் இருக்கிறதா? டேபிளின் வரிகளை அடுக்கிவைக்கும் கிளஸ்டர்டு கீ என்ன?

புதுப்பையன்:
இண்டெக்ஸ் இல்லை. கீ ஜியூஐடி (தாறுமாறான தனி அடையாள எண்).

யானைரசிகை:
அப்படியானால் பழைய வரிகள் டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு சுற்றும் அடுத்த 4000ஐத் தேடி ஸ்கேன் செய்யும். முன்பக்கத்தில் அழிக்க அழிக்கத் தேடல் நீளும். கடைசிச் சுற்றுகளில் அரை விநாடி தூக்கத்தை யாருமே கவனிக்க மாட்டார்கள்.