வண்ண இலைச் செடியும் வேலை வைக்காத தோட்டமும்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

எங்கள் வீட்டின் முன்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி, இரண்டரை அடி அகலமும் இருபது அடி நீளமுமாக ஒரு துண்டு மண் இருக்கிறது. நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகிவிடும். ஆகவே பூக்காவிட்டாலும் பரவாயில்லை, இலையிலேயே நிறம் இருக்க வேண்டும், நாங்கள் இல்லாத நாட்களிலும் செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்து, நர்சரிக்காரர் காட்டிய மஞ்சள் துராந்தாவில் 18 செடிகளை வாங்கி வரிசையாக நட்டோம். "தண்ணீர் ஊற்றினால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வாரம் இருமுறை பக்கத்து வீட்டார் ஊற்றிய தண்ணீரிலேயே ஒரு செடிகூட வாடவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது, தபால்பெட்டியும் அழைப்பு மணியும் இலைக்குள் மறைந்துபோய், தெருப்பக்கம் நீண்ட கிளைகள் நடந்து செல்வோரின் தோளில் உரசிக்கொண்டிருந்தன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரித்தால்தான் அது வேலியாக நிற்கும், விட்டுவிட்டால் புதராகிவிடும். தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடியும் வேலை குறைவாக வைக்கும் செடியும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அது ஆண்டுக்கு எத்தனை அடி வளரும் என்று கேளுங்கள் என்பதுதான்.

துராந்தாவை எடுத்துவிட்டு, பெட்ரா என்னும் அகன்ற இலைக் குரோட்டன்ஸில் ஏழு செடிகளை, மூன்றடிக்கு ஒன்றாக நட்டேன். அதிலும் முதல் தடவை தவறிழைத்தேன். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடிகளை, மே மாதத்தில், கிழக்கு வெயில் நேரே விழும் இடத்தில் வைத்துவிட்டேன். ஒரே வாரத்தில் இலைகளின் நடுவில் காகிதம் கருகியதுபோல் பழுப்புத் திட்டுகள் விழுந்து, மூன்று செடிகள் மொட்டையாகிவிட்டன. மறுபடி ஆடியில், மாலை மழை வரத் தொடங்கிய பிறகு, புதுச் செடிகளைப் பத்து நாள் தாழ்வாரத்திலும் அடுத்த பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் பழக்கி, அதன் பின்னரே மண்ணில் இறக்கினேன். குழிக்குச் செம்மண்ணும் மக்கிய சாண எருவும் மட்டுமே போட்டேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒரு அடிக்கும் குறைவாகவே வளர்கின்றன. கத்தரிக்கோலைத் தை மாதத்தில் ஒருமுறை எடுப்பதோடு சரி.

ஒரு செடியை மட்டும் கொல்லையில் மாமரத்தடியில் வைத்தேன். ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியது. வாசலில் இருப்பவற்றில் இளம் இலை மஞ்சள் நரம்போடு விரிந்து, நாளாக ஆக நரம்பு ஆரஞ்சாகி, பின் இலை முழுவதும் செம்மை படர்கிறது. மாமரத்தடியில் இருப்பதோ பச்சையாகவே நிற்கிறது. வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது. சிவப்பும் மஞ்சளும் அதனடியில் அமுங்கிப்போகின்றன. மற்ற ஊர்களில் இருப்பவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

காரைக்குடியிலிருந்து:

அம்மா, தாங்கள் எழுதியது அனைத்தும் உண்மை. ஆனால் குரோட்டன்ஸின் பாலைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். உறவினர் வீட்டுச் சடங்குக்குப் புறப்பட்ட காலை, வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றபோது, நீண்டிருந்த ஒரு கிளையைக் கையால் ஒடித்துவிட்டேன். ஒடித்த இடத்திலிருந்து சொட்டிய பால் முதலில் தண்ணீர்போலத்தான் தெரிந்தது. மாலையில் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே நான்கு பழுப்புப் பொட்டுகள். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வேட்டி இப்போது தோட்ட வேலைக்குத்தான் பயன்படுகிறது.

இந்தச் செடி இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. ஆமணக்கு, மரவள்ளி ஆகியவற்றின் குடும்பம். நாம் குரோட்டன்ஸ் என்று அழைத்தாலும் தாவரவியலார் குரோட்டன் என்று சொல்லும் இனம் வேறு. சித்த மருத்துவத்தில் கடும் பேதிக்குப் பெயர்பெற்ற நேர்வாளம்தான் அந்த இனத்தைச் சேர்ந்தது. பெயர்தான் மாறிப்போயிற்றே தவிர, இதன் பாலும் சாதுவானது அல்ல. சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், இலையை மென்றால் வாந்தி வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம் என்பேன். ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் தெரு ஆடுகள் செம்பருத்தியை அடியோடு மேய்ந்துவிட்டன, குரோட்டன்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

குன்னூரிலிருந்து:

சமவெளிக்காரர்களின் சிபாரிசைக் கேட்டு, கோயம்புத்தூரிலிருந்து டிசம்பர் மாதத்தில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டுவந்தேன். இங்குள்ள குளிரில் பத்து நாட்களுக்குள் ஒவ்வோர் இலையாகக் கொட்டி, குச்சி மட்டும் மிஞ்சியது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்ததால் தூக்கி எறியவில்லை. மார்ச்சில் துளிர்த்தது, அடுத்த குளிரில் மீண்டும் கொட்டியது. செடி சாகவில்லை என்பது வேறு, அழகாக இருக்கிறது என்பது வேறு.

எங்கள் மலைக்கு ஏற்றது பாயின்செட்டியா என்னும் கிறிஸ்துமஸ் செடி. பூ என்று எல்லோரும் நினைக்கும் அந்தச் சிவப்பு உண்மையில் இலைதான். நடுவில் மஞ்சளாக, மிளகளவில் இருப்பதே பூ. இரவு நீளும் காலத்தில்தான் இலை சிவக்கும். இது எனக்குத் தெருவிளக்கால் தெரிந்தது. வேலியோரம் நான்கு செடிகள் வைத்திருந்தேன். மூன்று சிவந்தன, விளக்குக் கம்பத்தின் கீழிருந்த நான்காவது மட்டும் ஜனவரியிலும் பச்சையாகவே நின்றது. உரத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், பலனில்லை. அதே செடியை வீட்டின் பின்பக்க இருட்டுக்கு மாற்றிய பிறகு, அடுத்த ஆண்டு மற்றவற்றோடு சேர்ந்து சிவந்தது. சிவப்பு உதிர்ந்தபின் ஆண்டுக்கு ஒரு கவாத்து, அவ்வளவே வேலை. பால் இதற்கும் உண்டு, ஐயா சொன்ன வேட்டி எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

மீண்டும் தாம்பரத்திலிருந்து:

இருவருக்கும் நன்றி. பாலைப் பற்றி எழுத மறந்தது என் பிழை. நான் கவாத்துச் செய்யும்போது பழைய நைட்டியும் கையுறையும் அணிவது பழகிப்போனதால் நினைவுக்கு வரவில்லை. இன்னொன்றையும் விட்டுவிட்டேன்: மாவுப்பூச்சி. இலைக்கு மேலே பார்த்தால் தெரியாது. எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால், இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஆரம்பத்திலேயே குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சினால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கிறேன்.

மாமரத்தடிச் செடியைப் போன மாதம் வேரோடு மண்கட்டி உடையாமல் எடுத்து, தொட்டிக்கு மாற்றி, வாயிற்கதவருகே வைத்தேன். கீழே உள்ள பழைய இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நுனியில் புதிதாக விரிந்த ஆறு இலைகளில் மட்டும் நரம்பு மஞ்சளித்திருக்கிறது.