ஸ்டார்லெட் ஜிடி டேர்போ: லுணுகலை ஏற்றத்தில் நொக் சத்தம், டைமிங்கா?

கல்லடிப் பொடியன்:
என்னிடம் இருப்பது இபி82 ஸ்டார்லெட் ஜிடி டேர்போ, 4ஈ-எஃப்டிஈ எஞ்சின். மாமாவிடம் வாங்கி மூன்று வருடம். போன மாதம் டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தேன். எடுக்கப் போனபோது கராஜ் பாஸ், "டிஸ்ட்ரிபியூட்டரக் கொஞ்சம் திருப்பி விட்டிருக்கன் தம்பி, பிக்கப்பப் பாருங்க" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் பிளக் பொறிக்கும் நேரம், அதாவது டைமிங், மாறும். கல்லடிப் பாலம் ஏறும்போதே வித்தியாசம் தெரிந்தது. சந்தோசமாகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, தங்கச்சியோடு பதுளைக்குப் போனோம். செங்கலடி, மகா ஓயா, பிபிலை வரை ஒன்றும் இல்லை. லுணுகலை ஏற்றத்தில் நான்காம் கியரில் மிதித்தால், தகரப் பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கின சத்தம். "என்ன மனே கழண்டு போச்சு?" என்று அம்மா கேட்டா. காலை எடுத்தால் நிற்கிறது. அடிப்பது 92 ஒக்டேன் பெற்றோல். 2022 பெற்றோல் கியூஆர் வரிசையில் கிடைத்ததை அடித்த பழக்கம், அப்படியே ஒட்டிக்கொண்டது.

டைமிங்கை எவ்வளவு குறைக்க வேண்டும்? அப்புறம், கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பூஸ்டை (டேர்போ தள்ளும் காற்றின் அமுக்கத்தை) கூட்டும் பூஸ்ட் கொன்ட்ரோலர் போட்டால் எஞ்சின் தாங்குமா?

வாழைச்சேனை வண்டி:
மச்சான், சத்தம் நிற்கும் வரைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பு. ஐந்து பாகைக்கு இறக்கினால் 92லேயே ஓடலாம். எதுக்கு வீண் செலவு?

கல்முனைக் கிழவன்:
தம்பி, அப்படிக் காதால் கேட்டுத் திருப்ப வேண்டாம். அளவுக்கு மேல் பின்னுக்குப் போனால் நெருப்பு பிந்திப் பிடித்து, எரிந்து முடியாமலே வெளியே வரும். அந்தச் சூடெல்லாம் டேர்போவின் தலையில்தான். மெனிபோல்ட் சிவக்கும், தண்ணீர்ச் சூடும் ஏறும். சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருப்பீங்க.

பாஸில் பிழை சொல்ல மாட்டேன். டேர்போ இல்லாத காருக்கு இரண்டு பாகை கூட்டினால் பிக்கப் வரும், அது கைப்பழக்கம். இந்த எஞ்சினோ ஜப்பானில் ஹை-ஒக்டேன் பெற்றோலுக்கென்று செய்தது. பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் அமுக்கமும் சூடும் கூடும். பிளக் நேரத்தோடு பொறித்தால், நெருப்பு போய்ச் சேருமுன் மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். அந்தச் சத்தத்தை உணரும் நொக் சென்சர் கொஞ்சம் காப்பாற்றும், முழுக்க அல்ல. இதே சத்தத்தோடு ஓடிய என் காரைக் கழற்றியபோது, பிஸ்டனில் ரிங் இருக்கும் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்து கிடந்தது. ஆகவே சரி பண்ணும் வரை மிதிக்காதீங்க.

எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்க. முன்பக்கத்து டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்க. இதைச் செய்யாமல் டைமிங் லைட் (பிளக் பொறிக்கும் ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு) பிடித்தால் ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி, தன்பாட்டுக்குக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும், வாசிப்பில் அர்த்தமில்லை. முதலாம் சிலிண்டர் வயரில் கிளிப்பைப் போட்டு கிராங்க் புல்லியில் உள்ள கோட்டைப் பாருங்க. பிஸ்டன் உச்சிக்கு வருமுன் 10 பாகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டைத் தளர்த்தி மெதுவாகத் திருப்பி, இறுக்கிய பிறகு திரும்பவும் பார்க்க வேணும், இறுக்கும்போதே அசைந்துவிடும். வயரைக் கழற்ற மறக்காதீங்க.

டாங்கியில் 95 மட்டும். பிளக்கை ஒரு படி குளிரானதாக மாற்றுங்க. என்ஜிகேயில் இலக்கம் கூடினால் குளிர், அதாவது 6க்குப் பதில் 7. இடைவெளி 0.8 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், பூஸ்டில் பொறி அணைந்துவிடும். பூஸ்ட் கொன்ட்ரோலர் வாங்கும் காசில் முதலில் காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றர் பூட்டுங்க. முழுப் பூஸ்டில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 11க்கும் 12க்கும் இடையில் நின்றால் நிம்மதி. பூஸ்டைக் கூட்டினால் அந்த இடத்தில் மட்டும் டைமிங் குறைய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ஐடிலில் இருந்து மேல் வரை எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளும், அந்த வேலைக்கு புரோகிராம் பண்ணக்கூடிய ஈசியூ வேண்டும். அது வரும் வரைக்கும் கொம்பனி பூஸ்ட் போதும்.

காத்தான்குடி ஸ்பனர்:
கல்முனைக் காக்கா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். இந்தக் காரின் இன்டர்கூலர் (டேர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் நாளில் ட்ராஃபிக்கில் நின்றால் அது குளிர்விக்காது, சூடாக்கும். பொனட் காற்று வாய்க்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ரப்பர் இருக்கிறதா பாருங்கள். எனது காரில் அது இல்லவே இல்லை. ஏற்றத்தில் பூஸ்ட் சுவிட்சை லோவில் போடுங்கள்.

கல்லடிப் பொடியன்:
டைமிங் லைட் இரவல் எடுத்துப் பார்த்தேன். 16 பாகை! 10க்குக் கொண்டுவந்து, 95 அடித்து, பிளக்கும் மாற்றினேன். காத்தான்குடி நண்பர் சொன்ன ரப்பர் பாதி கிழிந்திருந்தது. அதைப் பார்க்கும்போதே இன்டர்கூலர் ஹோஸ் ஒன்றில் கிளிப் தளர்ந்து ஒயில் கசிந்திருப்பதும் தெரிந்தது, இறுக்கிவிட்டேன். நேற்று லுணுகலை வரை தனியாகப் போய் வந்தேன். லோவிலும் சத்தமில்லை, ஹையிலும் இல்லை. பாலத்தில் முந்தைய துள்ளல் இல்லைதான். வைட்பேண்ட் மீற்றர் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மட்டக்களப்புக்குள் என்றால் நானே வந்து எடுப்பேன்.