சிற்றூருக்குத் தனிக் கட்டுரை: வைப்பதா, நீக்குவதா?

சுவடிக்கட்டு:
ஒரு சிற்றூரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் நான் தொடங்கிய குறுங்கட்டுரைக்கு நேற்று நீக்கல் வார்ப்புரு (நீக்கலாம் என்று பரிந்துரைக்கும் அறிவிப்பு) இட்டிருக்கிறார்கள். காரணம் ஒரே வரி: குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதி, நிறுவப்படவில்லை. கட்டுரையில் இப்போது மூன்று வாக்கியங்கள்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஊர் எங்கே இருக்கிறது, கணக்கெடுப்பில் எத்தனை பேர், எந்த ஆற்றங்கரை. அவ்வளவுதான். ஆனால் ஊர் உண்மையானது, அரசு ஏட்டில் பெயர் இருக்கிறது, மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டலே, சட்டப்படி ஏற்கப்பட்ட, மக்கள் வாழும் இடம் என்றால் பொதுவாகக் குறிப்பிடத்தக்கது என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆள் குறைவு என்பது அங்கே ஒரு குறையே இல்லை. ஆள் இல்லாமல் போன ஊருக்கும் அதன் வரலாற்றுக்காக இடம் உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பிறந்து வாழ்ந்து மறைந்த இடத்துக்கு ஒரு பக்கம் கொடுக்க நாம் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?

பிழைதிருத்தி:
வார்ப்புரு இட்டது நான்தான். ஊர் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. “அரசு ஏட்டில் பெயர் இருக்கிறது” என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஈரானின் 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான ஊர்க் கட்டுரைகள் எழுதப்பட்டன. பலவற்றில் உருப்படியாக இருந்த செய்தி ஒன்றுதான்: இப்படி ஓர் இடம் இருப்பதாகக் கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டது, மக்கள்தொகை தரப்படவில்லை. பிறகு சிலர் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் ‘ஆபாதி’ என்ற சொல் ஊரை மட்டும் குறிக்கவில்லை. ஒரு பண்ணை, ஒரு கிணற்று பம்பு, ஒரு தொழிற்கூடம் எல்லாமே ஆபாதிதான். ஆக, தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஊர் என்று கட்டுரை எழுதியிருந்தோம். அமெரிக்காவிலும் இதே சிக்கல் வந்தது. அரசின் இடப்பெயர்த் தொகுப்பில் ‘மக்கள் வாழும் இடம்’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றில் பல, ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளங்கள். அங்கே வீடே இருந்ததில்லை.

ஏட்டில் பெயர் இருப்பது தொடக்கம். அதற்கு மேல் ஒரு சான்றாவது காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒற்றையடிப்பாதை:
பிழைதிருத்தி, நீங்கள் சொன்னது ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததன் விளைவு. அதற்காக உண்மையான ஊர்களைத் தண்டிக்கக் கூடாது. இந்த ஊருக்குப் போகும் சாலை வரைபடத்தில் தெரிகிறது, வீட்டுக் கூரைகள் தெரிகின்றன.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. “இந்த ஊரில் என்ன நடந்தது?” என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வொரம் பெர்சி என்று ஓர் ஊர் இருந்தது. சாதாரணக் குடியானவர்களின் ஊர். 1500-ஐ ஒட்டி ஆட்கள் போய், ஆட்டு மேய்ச்சலுக்கு விட்ட நிலமாகிவிட்டது. 1950 முதல் 1990 வரை, நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் அங்கே அகழாய்வு செய்தார்கள். வீடு எப்படிக் கட்டினார்கள், சுவர் விழுந்தால் எப்படித் திரும்ப எழுப்பினார்கள், கல்லறையில் கிடைத்த எலும்புகள் அவர்களுடைய நோயைப் பற்றி என்ன சொல்கின்றன என்றெல்லாம் அந்த ஒரு மேட்டிலிருந்து தெரியவந்தது. பெரிதாக எதுவும் நடக்காத ஊர் என்பதால்தான் அது மதிப்பு மிக்கதாயிற்று. எளிய மக்களின் வாழ்க்கை அரண்மனைகளில் கிடைக்காது.

அளவுகோல்:
ஒற்றையடிப்பாதை, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் நிற்கிறது. நாற்பது ஆண்டு தோண்டினார்கள், அறிக்கைகள் எழுதினார்கள், அப்புறம்தான் கலைக்களஞ்சியம் எழுதியது. வரிசை அதுதான். நாம் முதலில் போய்ச் சொல்பவர்கள் இல்லை. பிறர் ஆராய்ந்து சொன்னதைத் தொகுப்பவர்கள்.

எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். 2002-இல் ஒரு தானியங்கி, அதாவது தானாகத் தொகுக்கும் நிரல், அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவை வைத்து 30,000-க்கும் மேற்பட்ட ஊர்க் கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்றியது. பிலிப்பைன்ஸில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே தானியங்கி எழுதியவை. செபுவானோ பேசும் ஒரு மாணவர் அதைத் திறந்து படித்தால் என்ன கிடைக்கும்? ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள், எண் மட்டும் மாறியிருக்கும். நம் மொழிக்கு அந்த நிலை வரக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

என் யோசனை: வட்டாரத்தின் எல்லா ஊர்களுக்கும் ஒரே பட்டியல் பக்கம். ஊருக்கு ஒரு வரிசை. ஊர்ப்பெயரைத் தேடினால் அந்த வரிசைக்கு வழிமாற்று. பழைய கட்டுரையின் தொகுப்பு வரலாறு அப்படியே இருக்கும், பின்னால் சான்று கிடைத்தால் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம். எதையும் இழக்கப் போவதில்லை.

திண்ணை:
“பிறர் ஆராய்ந்து சொன்னதை” என்கிறீர்கள். அந்தப் பிறர் யார், எங்கே இருக்கிறார்கள்? பக்கத்தில் பல்கலைக்கழகமும் நாளிதழும் நூலகமும் இருக்கிற ஊருக்குச் சான்று தானாகச் சேரும். இல்லாத ஊருக்குச் சேராது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஏற்கெனவே எழுதப்பட்டவை மேலும் எழுதப்படும், மற்றவை அப்படியே கிடக்கும். 2011-இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிதியுதவியோடு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்று முயற்சி ஒன்று நடந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாக வைத்து மலையாளம், இந்தி, செப்பெடி மொழிகளில் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். அச்சில் வராத அறிவும் அறிவுதான் என்ற நம்பிக்கையில் செய்தது அது. அந்தப் பேச்சை ஏன் இங்கே யாரும் எடுக்கவில்லை?

பிழைதிருத்தி:
எடுக்கலாம், திண்ணை. ஆனால் ஒலிப்பதிவில் இருப்பது சரியா என்று பார்ப்பது யார்? நான் வாரக்கடைசியில் ஊர்க் கட்டுரைகளைத்தான் துப்புரவு செய்கிறேன். ஒரு பக்கத்தில் ‘இவ்வூரில் பிறந்தோர்’ என்ற தலைப்பின் கீழே யாரோ ஒருவர் தன் நண்பனின் பெயரையும், அவன் உலக வாகையர் பட்டம் வென்றதாகவும் எழுதி வைத்திருந்தார். யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் அது அப்படியே இருந்திருக்கிறது. இடையில் நடந்த தொகுப்புகள் எல்லாம் தானியங்கிகள் பகுப்பு மாற்றியவை. ஒரு மனிதர்கூட அந்தப் பக்கத்தை, மாற்றம் நடந்தால் காட்டும் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் அதை நம்பித் தேர்வில் எழுதியிருந்தால்? பக்கம் திறப்பது ஒரு நிமிட வேலை, காப்பது பல ஆண்டு வேலை.

இல்லாத ஊர் நுழைந்துவிடும் என்பதும் வெறும் பயமில்லை. 1930-களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற வரைபட நிறுவனம், தன் படத்தை யாராவது நகலெடுத்தால் பிடிக்கலாம் என்று, நியூயார்க் மாநில வரைபடத்தில் அக்லோ என்ற பொய் ஊரைச் செருகியது. பிறகு அது வேறு வரைபடங்களுக்கும் போய்விட்டது.

ஒற்றையடிப்பாதை:
அக்லோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஒருவர் அதே இடத்தில் அதே பெயரில் கடை வைத்தார். பொய்யாக வைத்த பெயர் மெய்யாகிவிட்டது. இன்று விக்கிப்பீடியாவில் அக்லோவுக்குக் கட்டுரை இருக்கிறது. யாரும் வாழாத ஊரைப் பற்றி எழுத நம்மால் முடிகிறது, மக்கள் வாழும் ஊருக்கு ஒரு வரிசை போதும் என்கிறோம். இது எனக்கு வலிக்கிறது.

நாடோடி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அளவுகோலின் பட்டியல் யோசனை எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள மோனோவி என்ற ஊரை நினைத்துப் பாருங்கள். 2010 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 1. ஒரே ஒரு மூதாட்டி. 2020 கணக்கெடுப்பில் 2 என்று வந்தது. ஆனால் யாரும் புதிதாகக் குடிவரவில்லை. தனி ஆட்களின் விவரம் வெளியே தெரியாமலிருக்கக் கணக்கெடுப்புத் துறையே எண்களில் வேண்டுமென்று சிறிய மாற்றம் செய்கிறது, அதனால் வந்த இரண்டு அது.

இப்போது பட்டியலில் இதை எப்படிக் காட்டுவீர்கள்? கட்டத்தில் ‘2’ என்று போட்டால் சான்றுக்கு உண்மை, ஊருக்குப் பொய். ‘1’ என்று போட்டால் சான்றை மீறுகிறோம். அந்த எண் ஏன் அப்படி என்று விளக்க நாலு வாக்கியம் வேண்டும், அதற்குக் கட்டத்தில் இடமில்லை. எனவே ஊர் பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டாம். சான்றோடு, வாக்கியமாகச் சொல்ல ஏதாவது இருந்தால் பக்கம். எண் மட்டும் என்றால் பட்டியல்.

அளவுகோல்:
நாடோடி, இது எனக்குச் சரியாகப் படுகிறது. வாக்கியம் தேவைப்படும் இடத்தில் பக்கம். என் வாக்கை ‘இணைக்க’ என்பதிலிருந்து ‘சான்று வரும்வரை நிறுத்திவைக்க’ என்று மாற்றுகிறேன். சுவடிக்கட்டு, உங்களிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா?

சுவடிக்கட்டு:
இருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்றிரவு பழைய மாவட்டக் கையேட்டின் மின்வருடலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஊரைப் பற்றி ஒரு முழுப் பத்தி. வெள்ளத்தில் அடித்துப்போன பாலம், அதற்குப் பதில் ஓடிய பரிசல் துறை, துறைக் குத்தகை யாரிடம் இருந்தது என்பதுவரை இருக்கிறது. இரண்டு சிக்கல்கள். பெயரில் ஓர் எழுத்து வேறு. அதோடு கையேடு ஊரைக் கிழக்குக் கரையில் வைக்கிறது, இன்றைய வரைபடத்தில் மேற்குக் கரையில் இருக்கிறது.

பிழைதிருத்தி:
இது நல்ல சான்று. அதே ஊர்தான் என்று காட்ட முடிந்தால் வார்ப்புருவை நானே எடுத்துவிடுகிறேன். எழுத்து மாறுவது பழைய அச்சில் சகஜம், அதை விடுங்கள். கரைதான் முக்கியம். ஆறு தடம் மாறியிருக்கலாம், அல்லது அதே பெயரில் எதிர்க்கரையில் இன்னொரு குடியிருப்பு இருந்திருக்கலாம். கையேடு வந்த காலத்தை ஒட்டிய நில அளவைப் படம் ஒன்று வேண்டும்.

சுவடிக்கட்டு:
படத்தொகுப்பில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று தெளிவில்லை. மற்றதில் பரிசல் துறைக் குறி தெரிகிற மாதிரி இருக்கிறது. பெரிதாக்கி, கரை தெரியும்படி வெட்டி, இன்று மாலை பேச்சுப் பக்கத்தில் ஏற்றுகிறேன். திண்ணை, ஆற்றுத் தடம் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தான், கொஞ்சம் வந்து பாருங்கள்.

திண்ணை:
வருகிறேன். தெளிவில்லாத தாளையும் சேர்த்தே ஏற்றுங்கள்.